போரில் இறந்த தம்பி, பூட்டிய அலமாரியில் புத்தகங்கள்

கடிதத்தின் சுருக்கம்: எழுதியிருப்பவர் 34 வயதுப் பெண். ஊர், படை, ஆண்டு ஆகியவற்றை அவர் கேட்டுக்கொண்டபடி நீக்கியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே தம்பி போர்முனையில் இறந்தான். வயது 24. உடல் மூடிய பெட்டியில் வந்தது. திறந்து பார்க்க விடவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் நினைவுக் கூட்டம் நடக்கிறது. அம்மாவை மேடையில் உட்கார வைக்கிறார்கள். யாராவது எழுந்து, மகன் களத்தில் மாண்டுகிடந்ததைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்ந்த புறநானூற்றுத் தாயைப் பற்றிப் பேசுகிறார். அம்மா தலையாட்டுகிறார். “என்னால் அப்படிப் பெருமைப்பட முடியவில்லை. கையோ காலோ போனாலும் உயிரோடு வந்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. என்னிடம் ஏதோ கோளாறா?” என்று கேட்கிறார்.

இரண்டு ஆண்டுகளாகப் போரைப் பற்றிய கவிதை, நாவல், நாட்குறிப்பு என்று கிடைத்ததை எல்லாம் படிக்கிறார். இரவு பதினொரு மணிக்கு எடுத்தால் வைக்கும்போது இரண்டு, மூன்று ஆகிவிடுகிறது. புண்ணைக் கிளறாதே என்று சொல்லிப் பார்த்த கணவர், கடைசியில் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். போன மாதம் எதிர்த்தரப்பில் மகனை இழந்த ஒரு தாயின் கவிதையைப் படித்து, தம்பிக்குக்கூட அழாத அழுகையை அழுதிருக்கிறார். அன்றிலிருந்து துரோகம் செய்துவிட்டதாக உறுத்தல். தம்பி எழுதிய பதினேழு கடிதங்களைப் புத்தகமாக்கலாமா, அது அவன் சாவை விற்பதாகுமா என்பது இன்னொரு கேள்வி. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு பேனாவில், ஒரே ஒரு வரி: “அவன் கடைசியாகப் போன் செய்தபோது வேலையாக இருந்தேன். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. ஓரத்தில் எழுதிய வரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதை மறந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

முதலில் மேடையில் சொல்லப்படும் அந்தப் பாட்டு. நான் தமிழ்ப் புலவன் இல்லை, மனநல ஆலோசகன். ஆனாலும் இருபது ஆண்டுகளாகத் துயரத்தோடு வருகிறவர்களிடம் பேசியதில் சில பாடல்கள் எனக்குத் தொழிற்கருவியாகவே ஆகிவிட்டன. அந்த உரிமையில் சொல்கிறேன்.

மேடையில் சொல்லாமல் விட்ட வரிகள்

அது புறநானூற்றின் 278ஆம் பாட்டு. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒரு பெண். பேச்சாளர்கள் கடைசி வரியைத்தான் முழங்குவார்கள்: “ஈன்ற ஞான்றினும் பெரிதுவந் தனளே.” அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். நரம்பு புடைத்த, வற்றிப்போன தோள்களை உடைய கிழவி அவள். மகன் புறமுதுகு காட்டினான் என்று பலர் சொல்கிறார்கள். அப்படியானால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளை எடுத்துக்கொண்டு, குருதியால் சிவந்த களத்தில் ஒவ்வொரு பிணமாகப் புரட்டித் தேடுகிறாள். “செங்களம் துழவுவோள்” என்கிறார் புலவர். துழவுதல் என்பது கண்ணால் தேடுவது மட்டுமில்லை, கையால் தடவித் தேடுவதும்தான். சிதைந்து வேறு வேறாகக் கிடந்த மகனைக் கண்டபிறகுதான் அந்த மகிழ்ச்சி வருகிறது. ஊர்ப்பேச்சு பொய்யாகிப்போன மகிழ்ச்சி அது. மகன் இறந்ததற்காக மகிழ்ந்தாள் என்று மேடையில் சொல்லும்போது, பாட்டில் இருக்கும் பழிச்சொல்லும் பிணக்களமும் காணாமல் போய்விடுகின்றன.

இதற்கு முந்தைய 277ஆம் பாட்டைக் கூட்டங்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பூங்கணுத்திரையார் பாடியது, ஆறே வரி. அங்கேயும் ஒரு முதியவள். கொக்கின் இறகுபோல வெளுத்த கூந்தல். மகன் யானையைக் கொன்று தானும் இறந்தான் என்று கேட்டபோது அவளுக்கு வந்த உவகை, பெற்ற நாளைவிடப் பெரியது. அதே வாக்கியம்தான். ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. அவள் கண்ணீர், மழை ஓய்ந்தபின் மூங்கிலில் தொங்கி நிற்கும் துளிகளைவிடப் பல என்று முடிகிறது. அதை ஆனந்தக் கண்ணீர் என்று பொருள் சொல்லலாம், சொல்பவர்கள் சொல்லட்டும். பெருமையைச் சொன்ன கையோடு கண்ணீரை எண்ணத் தொடங்கிய அந்தப் புலவருக்குத் தாய்மார்களைத் தெரியும் என்றே எனக்குப் படுகிறது.

போர் இறந்தவனுக்குச் சீருடை போடுவதோடு நிற்பதில்லை, அழுகிறவர்களுக்கும் போட்டுவிடுகிறது. அம்மாவுக்குப் போட்டது உங்களுக்குப் பொருந்தவில்லை. அதில் கோளாறு எதுவுமில்லை. அம்மாவுக்கே அது எவ்வளவு பொருந்துகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. மேடையில் தலையாட்டியவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அந்த 277ஐ அவருக்குப் படித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல்.

புத்தகத்தில் எதைத் தேடுகிறீர்கள்?

கணவர் புத்தகங்களைப் பூட்டிவைத்தது தவறு. ஒரு பெரியவரின் வாசிப்பைச் சாவி போட்டு நிறுத்த யாருக்கும் உரிமையில்லை. அவரிடம் இந்த வரியைக் காட்டலாம். ஆனால் அவர் பயந்தது தவறில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

உங்களைப் பாதித்ததாக ஒன்பது பகுதிகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். ஏழு பகுதிகள் குண்டு விழுந்த பிறகு ஓர் உடல் எப்படி இருக்கும் என்பதைப் பற்றியவை. பெட்டியைத் திறக்க விடவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று நான்கு ஆண்டுகளாக உங்கள் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாரும் பதில் சொல்லாததால், நடுநிசியில், வேறு நாட்டுப் போர்களில், வேறு யாருடைய தம்பியின் உடலையோ புரட்டிப் பார்க்கிறீர்கள். நீங்களும் களம் துழவுகிறீர்கள், சகோதரி. அந்தக் கிழவிக்காவது தேடியது கிடைத்தது.

இலக்கியத்தால் முடியாத வேலை இது. துயரத்துக்குச் சொல் தரவும், தனியாக இல்லை என்று காட்டவும், உங்களால் வெளியே சொல்ல முடியாத எண்ணம் இன்னொருவருக்கும் வந்திருக்கிறது என்று தெரிவிக்கவும் அதனால் முடியும். உங்கள் தம்பி எப்படி இறந்தான் என்ற தகவல் எந்தக் கவிஞரிடமும் இல்லை. அதற்கான இடங்கள் வேறு. இறப்பின் சூழ்நிலை, மருத்துவக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பெறப் பல நாடுகளில் நெருங்கிய உறவினருக்கு வழி இருக்கிறது. பெரும்பாலும் பதிவேட்டில் நெருங்கிய உறவாகக் குறிக்கப்பட்டவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், அது உங்கள் அம்மாவாக இருக்கலாம். உடனிருந்த வீரர் ஒருவரைத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்கலாம், அவருக்கும் அது சுலபமான பேச்சாக இராது என்பதால், சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒருமுறை தெரிந்துகொண்டதைத் தெரியாததாக்க முடியாது. ஆகவே எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உடனே இறந்தானா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்ற இரண்டு கேள்விகளே போதும் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிக்கையை முதலில் வேறொருவர் படித்து, நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லலாம்.

நான்கு ஆண்டுகள் அதிகமா?

“ஐந்து கட்டங்களில் நான் மூன்றாவதிலேயே நின்றுவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து கட்டங்கள் 1969ல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் எழுதியவை. அவர் பேசியது சாகும் நிலையில் இருந்த நோயாளிகளிடம். உறவை இழந்தவர்கள் படியேறுவதுபோல ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டிய வரிசை என்பது பிற்பாடு பரவிய நம்பிக்கை. நீங்கள் எதிலும் நின்றுவிடவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு படிக்கட்டு இல்லை.

ஜெர்மானியச் சிற்பி கேத்தே கோல்விட்ஸின் இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் போரில் இறந்தான். அவனுக்கான நினைவுச் சிற்பத்தை அவர் தொடங்கினார், கைவிட்டார், மறுபடி தொடங்கினார். முழந்தாளிட்ட தாய், முழந்தாளிட்ட தந்தை என்ற இரண்டு உருவங்கள் மயானத்தில் வைக்கப்பட்டது 1932ல். பதினெட்டு ஆண்டுகள். மகனின் உருவம் அதில் இல்லை.

அதே சமயம் எல்லாத் துயரத்தையும் காலம் ஆற்றும் என்று விட்டுவிடவும் நான் தயாரில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாட்டில் நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. இழப்புக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகும், அவரவர் சமூகம் இயல்பாகக் கருதும் காலத்தைத் தாண்டியும், இறந்தவரைப் பற்றிய ஏக்கமோ நினைவோ நாள் முழுக்க ஆட்கொண்டு, வேலை, உறவு, அன்றாடம் எல்லாவற்றையும் குலைத்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறீர்கள், சிரித்த ஒரு நாளைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளாகத் தூக்கம் இல்லை. அதற்காகவாவது ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். கடிதத்தில் நோயைத் தீர்மானிக்க என்னால் முடியாது.

இன்னொன்று. “சில நாள் நானும் அவன் இருக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்று இருக்கும்” என்ற வரி. அது ஏக்கமா, சாக வேண்டும் என்ற எண்ணமா என்று நேராகவே கேட்கிறேன். இரண்டாவது என்றால், அல்லது எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், மேலே படிக்க வேண்டாம். இன்றே கணவரிடம் சொல்லி, அவருடன் மருத்துவமனைக்குப் போங்கள்.

எதிர்த்தரப்புத் தாய்க்காக அழுதது

எஸ்கிலஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர் கி.மு. 490ல் மாரத்தானில் பாரசீகரோடு போரிட்டவர். அவருடைய உடன்பிறந்தவர் சினிகைரஸ் அதே போரில், பாரசீகரின் கப்பல் ஒன்றைப் பிடித்த கை கோடரியால் வெட்டுண்டு இறந்தார் என்று வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பத்து ஆண்டுகள் கழித்துப் பாரசீகர் ஏதென்ஸ் நகரத்தையே எரித்தார்கள். அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் தோற்றார்கள். கி.மு. 472ல் எஸ்கிலஸ் ஒரு நாடகம் போடுகிறார். கதைக்களம் பாரசீக அரண்மனை. மகனுக்காகக் காத்திருக்கும் அரசி, போனவர்கள் வராத முதியவர்கள், தோல்விச் செய்தியோடு ஓடிவரும் தூதன். நாடகத்தில் கிரேக்க வீரன் ஒருவனின் பெயர்கூட வருவதில்லை. இறந்த பாரசீகரின் பெயர்களோ வரிசையாக வருகின்றன. அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களில் பலர் அந்தப் பாரசீகரோடு போரிட்டவர்களாகவே இருந்திருப்பார்கள். நாடகத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.

அது வெற்றிக் களிப்பா, இரக்கமா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் இருக்கலாம். உடன்பிறந்தவரை இழந்த ஒருவர், அவரைக் கொன்றவர்களின் வீட்டு ஒப்பாரியை எழுத உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால் சினிகைரஸுக்கு எதுவும் குறைந்துபோகவில்லை.

தம்பிக்காக அழ வாய்க்காத அழுகை அந்தக் கவிதையைப் படித்தபோது ஏன் வந்தது? உங்கள் ஊரில் தம்பிக்காக அழும்போதெல்லாம் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாயின் வரிகளில் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, மேடை இல்லை. நீங்கள் யாருக்காக அழுதீர்கள் என்று நினைக்கிறீர்கள்? ஹோமர் பாடிய கிரேக்கப் போர்க்காவியமான இலியட்டின் கடைசிக் காண்டத்தில் டிராய் நகரத்தின் கிழ அரசன் பிரியாம், மகனைக் கொன்ற அக்கிலிஸின் கூடாரத்துக்கே இரவில் போய், அவன் கைகளை முத்தமிட்டு உடலைக் கேட்கிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். ஆனால் ஹோமர் கணக்கைக் கலக்கவில்லை: பிரியாம் அழுதது மகன் ஹெக்டருக்காக, அக்கிலிஸ் அழுதது தன் தந்தைக்காகவும் நண்பனுக்காகவும். அரசியலில் உங்கள் தரப்பை மாற்றச் சொல்லும் அழுகை இல்லை இது. அதே நேரம், இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. போர்க்காலத்தில் இப்படி ஒரு வாக்கியம் வெளியே போனால் என்ன ஆகும் என்பதை உங்கள் சூழல் தெரிந்த நீங்கள்தான் கணிக்க வேண்டும்.

இனி படிப்பது எப்படி

புத்தகங்களைத் திரும்ப வாங்குங்கள். படிக்கும் நேரத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். அரை மணி நேரம், ஒரே ஒரு கவிதை அல்லது ஓர் அத்தியாயம். உடல் சிதைவதை வர்ணிக்கும் பக்கங்களைத் தாண்டிப் போக உங்களுக்கு அனுமதி உண்டு. போரைப் பற்றிய நல்ல எழுத்தில் பாதிக்கு மேல் அந்தப் பக்கங்களுக்கு வெளியேதான் இருக்கிறது. “முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே” என்று, இறந்துபோன சாத்தன் என்ற வீரனுக்காக ஒரு பூவோடு சண்டைக்குப் போகிறாரே குடவாயிற் கீரத்தனார், அதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. தம்பி இறந்த வாரம் தெருவில் கல்யாண ஊர்வலம் போனதைப் பார்த்துக் கொதித்ததாக எழுதியிருந்தீர்களே, அந்தக் கோபம்தான் அது.

படிக்கும்போது நெஞ்சு படபடத்தால், எதிரே இருப்பது மறைந்து காட்சி மட்டும் தெரிந்தால், அல்லது அதே பக்கத்துக்கே திரும்பத் திரும்பப் போனால் நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். கணவரையும் சேர்த்துக்கொள்ள ஒரு வழி: வாரத்தில் ஒரு நாள் ஒரு கவிதையை அவருக்கு வாய்விட்டுப் படியுங்கள். அவர் கருத்துச் சொல்ல வேண்டாம். நீங்கள் ராத்திரியில் எங்கே போய்வருகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் பயம் பாதி குறையும்.

பதினேழு கடிதங்கள்

எழுதுவதால் சாவை விற்பதாகாது. சாவை வைத்து உங்கள் தம்பியை வேறொருவனாக மாற்றினால்தான் எனக்குச் சங்கடம். அதை ஏற்கெனவே மேடையில் சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள். அவன் கடிதங்களில் காசு கேட்டதும், மேலதிகாரியைத் திட்டியதும், பயந்ததும் இருக்கிறதாகச் சொல்கிறீர்கள். அவை இல்லாமல் பதிப்பிப்பதானால் பதிப்பிக்காமலே இருக்கலாம்.

நடைமுறையில் இரண்டு விஷயங்கள். கடிதத் தாள்கள் உங்களுடையவை. அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை, பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, எழுதியவருக்கும் அவருக்குப் பிறகு வாரிசுகளுக்கும் உரியது. தம்பிக்கு மணமாகவில்லை என்பதால் அது அம்மாவிடம் போயிருக்கலாம். ஆகவே அவருடைய சம்மதம் மரியாதைக்காக மட்டுமின்றி, சட்டப்படியும் தேவைப்படலாம். ஒரு வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது, கடிதங்களில் வரும் மற்ற வீரர்களின் பெயர்கள், இடங்கள். போர் ஓயாத இடத்தில் அவை உயிரோடு இருப்பவர்களுக்குக் கேடாகக்கூடும்.

புத்தகம் பிறகு. முதலில் யாருக்கும் காட்டாமல் எழுதுங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடமாகத் தொடர்ந்து நான்கு நாட்கள் எழுதச் சொல்லும் முறை ஒன்று 1980களிலிருந்து உளவியலில் இருக்கிறது. எல்லாருக்கும் உதவுகிறது என்று சொல்ல மாட்டேன். துயரத்தில் இருப்பவர்களிடம் பலன் கலவையாகவே தெரிகிறது. எழுதிய பிறகு நாள் முழுக்கப் பாரமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஓரத்தில் எழுதிய வரி

பக்கம் பக்கமாகக் கவிதைகளைப் பற்றி எழுதியவர், இதற்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.

ஹெக்டரின் உடல் வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆண்ட்ரோமகி அழுகிறாள். நகரம் அழியப்போகிறது, குழந்தையின் கதி என்ன என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இதைச் சொல்கிறாள்: நீ படுக்கையில் கிடந்து என்னிடம் கையை நீட்டவில்லையே, இரவும் பகலும் நினைத்து அழ ஒரு சொல்லைக்கூட எனக்கென்று விட்டுவிட்டுப் போகவில்லையே. பத்தாண்டுப் போரில் அவளுக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது அந்த ஒரு சொல். அவள் எந்தப் போனையும் துண்டிக்கவில்லை, சகோதரி. அப்படியும் அந்தச் சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. போரில் போனவர்களின் வீடுகளில் அது பெரும்பாலும் கிடைப்பதே இல்லை.

உங்களுக்கு மன்னிப்புத் தர எனக்கு அதிகாரம் கிடையாது; கவிதைக்கும் கிடையாது. “பிறகு பேசுகிறேன்” என்பது, அவனுக்குப் பிறகு என்ற ஒன்று இருக்கிறது என்று முழுதாக நம்பிய அக்கா சொன்னது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பதினேழு கடிதங்களில் எத்தனையில் அவன் “பிறகு எழுதுகிறேன்” என்று அவசரமாக முடித்திருக்கிறான்? எடுத்துப் பாருங்கள். அதற்காக அவன்மேல் உங்களுக்கு என்றாவது கோபம் வந்ததா?

பார்த்துவிட்டு, அன்று என்ன வேலையாக இருந்தீர்கள், அவன் குரல் எப்படி இருந்தது, எந்தச் சொல்லில் பேச்சு நின்றது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். கவிதையாக வேண்டாம். எந்தப் பேனாவானாலும் சரி, இந்த முறை பக்கத்தின் நடுவில் எழுதுங்கள்.